பெப்பேவை இனி என்ன சொல்லித் திட்டுவது?

கடைசிக்கோடு
11 ஜூலை 2016, காலை 6.40

இன்னும் தூங்கவில்லை. பன்னிரண்டரைக்குத் தொடங்கிய போர்ச்சுகல் – பிரான்ஸ் யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதிப்போட்டி, கூடுதல் நேரம், பதக்கம், கோப்பை என்று முடிவதற்குள் தெருவில் பால் வண்டி வந்துவிட்டது. இதை எழுதாமல் படுத்தாலும் தூக்கம் வரப்போவதில்லை.

எல்லோரும் போர்ச்சுகல் ஜெயிக்க எடெர் அடித்த ஒரே கோலைப் பேசுவீர்கள். 25-ஆவது நிமிடத்தில் அழுதுகொண்டே வெளியே போன ரொனால்டோ, பிறகு கோட்டோரம் வந்து பயிற்சியாளருக்கு மேல் கத்தியதைப் பேசுவீர்கள். அவர் முகத்தில் வந்து உட்கார்ந்த அந்துப்பூச்சியைக்கூடப் பேசுவீர்கள். நான் பேச வந்தது ஆட்டநாயகனைப் பற்றி. இறுதிப்போட்டியின் ஆட்டநாயகன் என்று அவர்கள் அறிவித்தது போர்ச்சுகலின் தடுப்பாட்டக்காரர் பெப்பேவை.

ஆமாம், அதே பெப்பேதான். 2014 உலகக்கோப்பையில் ஜெர்மனியின் முல்லரிடம் தலையைக் கொண்டுபோய் முட்டிய அன்று, 'கழுத்தில் கட்டை கட்டிவிட வேண்டிய மாடு' என்று இங்கே எழுதியவன் நான். தேடினால் கிடைக்கும். தயவுசெய்து தேட வேண்டாம்.

இந்த யூரோவில் அவர் ஆறு ஆட்டம் ஆடினார். அதில் மூன்று, முழு 120 நிமிடம். வயது 33. நாக்அவுட் சுற்றுகளில் போர்ச்சுகல் வாங்கியது ஒரே ஒரு கோல். போலந்தின் லெவண்டோவ்ஸ்கி இரண்டாவது நிமிடத்தில் அடித்தது. அதோடு கதவு மூடிவிட்டது. குரோஷியா ஆட்டத்தில் 117-ஆவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோலுக்கு நேராக ஒரு ஷாட்கூடப் போகவில்லை. அதைப் பார்த்துத் தூங்கியவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதிரே இருந்தது மோட்ரிச்சும் மாண்ட்சுகிச்சும். வேல்ஸ் அரையிறுதியில் மட்டும் தொடைக் காயத்தால் பெப்பே வெளியே உட்கார்ந்தார். போர்ச்சுகல் 90 நிமிடத்துக்குள் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான் என்று யாராவது கிண்டல் செய்வீர்கள், செய்துகொள்ளுங்கள்.

என் கேள்வி இதுதான். இத்தனை வருடமாக நாம் அவரை ரவுடி என்று சொன்னது தப்பா? அல்லது ஆள் மாறிவிட்டாரா?


பார்சாபித்தன்
11 ஜூலை 2016, காலை 8.15

பூனை ஒரு மாதம் விரதம் இருந்தது என்பதற்காகப் பால் சட்டியைக் காவலுக்குக் கொடுத்துவிடுவீர்களா?

ரியல் மாட்ரிட்டில் அவர் ஆடிய அந்தக் கெட்டாஃபே ஆட்டம் மறந்துவிட்டதா? 2009 ஏப்ரல். கெட்டாஃபேயின் காஸ்கேரோவைப் பெனால்டி பெட்டிக்குள் பிடித்துத் தள்ளினார். நடுவர் பெனால்டி கொடுத்தார். சரி, இதுவரை எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்கப்புறம் தரையில் விழுந்து கிடந்தவரைக் காலால் உதைத்தார், ஒரு தடவை இல்லை, திரும்பவும். பிரிக்க வந்த கெட்டாஃபே ஆட்டக்காரர் ஒருவருக்கும் முகத்தில் ஒன்று விழுந்தது. பத்து ஆட்டத் தடை. அது தண்டனையா என்றே எனக்குச் சந்தேகம், வெளியே தெருவில் செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

2011-ல் பார்சிலோனாவின் டானி ஆல்வெஸ் காலைக் குறிவைத்துப் பாய்ந்து சிவப்பு அட்டை. 2012-ல் கீழே உட்கார்ந்திருந்த மெஸ்ஸியின் கையை மிதித்துவிட்டு, தெரியாமல் பட்டுவிட்டது என்று அறிக்கை. 2014-ல் முல்லர். இதெல்லாம் பழசு என்றால், ஆறு வாரத்துக்கு முன்னால் மிலனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி? முகத்தில் யாரோ விரல் வைத்ததற்கு, லாரி ஏறியது போல உருண்டார். ஊரை அடிக்கிறவர், தன் மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் அலறுகிறார். எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஆட்டநாயகன் விருது கொடுக்கட்டும். ரவுடி பட்டத்தைத் திரும்ப வாங்க வேண்டாம்.


புதுவைக்காரன்
11 ஜூலை 2016, காலை 9.02

பேச மனமில்லை. ஆனாலும் தலைப்பைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

என் மாமா குடும்பம் பாரிஸ் பக்கத்தில், ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்திலிருந்து அதிக தூரமில்லை. ஆட்டம் முடிந்ததும் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. நாங்கள் இங்கே பிரான்ஸின் நீலச்சட்டை போட்டுக்கொண்டு பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

உங்கள் ஆட்டநாயகனைப் பற்றி ஒன்றே ஒன்று. 90 நிமிடம் முடிந்து போன கூடுதல் இரண்டு மூன்று நிமிடத்தில், மாற்றாக வந்த ஜின்யாக் பெட்டிக்குள் பந்தை வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார். பெப்பே எங்கே போனார்? தரைக்குப் போனார். பந்து கோல்கீப்பர் பட்ரிசியோவையும் தாண்டிவிட்டது, கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது ஒரு விரல்கடை உள்ளே போயிருந்தால் இன்றைக்கு இந்தத் தலைப்பு என்ன? 'கிழட்டு பெப்பே போர்ச்சுகலைக் கவிழ்த்தார்' என்றுதானே?

கம்பம் காப்பாற்றிய ஆட்டநாயகன்.


இரவுக்கழுகு
11 ஜூலை 2016, காலை 9.20

ஒரு பொது அறிவுத் தகவல். பெப்பேவின் முழுப்பெயர் கெப்லர் லாவெரான் டி லிமா ஃபெரெய்ரா. அப்பா விஞ்ஞானிகள் மேல் பிரியப்பட்டு வைத்தது. ஒருவர் கோள்கள் எந்தப் பாதையில் சுற்றுகின்றன என்று சொன்னவர். இன்னொருவர் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர். இவர் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார், ஃபார்வர்டைச் சுற்றிச் சுற்றி வந்து காய்ச்சல் வரவைப்பது.

போய்த் தூங்குங்கள் எல்லோரும்.


கடைசிக்கோடு
11 ஜூலை 2016, மதியம் 2.30

நாலு மணி நேரம் தூங்கி எழுந்தேன்.

புதுவைக்காரன், உங்கள் கம்பத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு தடவை அவர் ஏமாந்தார். எட்டு வருடம் லீகில் ஸ்டாப்பராக (பெப்பே போல நடுத் தடுப்பில்) ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் பிழைப்பே அதுதான். ஃபார்வர்ட் ஒன்பது தடவை கோட்டைவிட்டுப் பத்தாவதில் அடித்தால் மாலை. நாங்கள் ஒன்பது தடவை எடுத்துப் பத்தாவதில் விட்டால் செருப்பு. நேற்று கம்பம் அவர் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். உங்கள் க்ரீஸ்மன் ஆறு கோல் அடித்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த ஆறில் ஒன்றுகூட நேற்று இல்லை. அவர் தலையால் அடித்து மேலே போன பந்து பெப்பே தடுத்ததில்லை என்பதையும் நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மிச்ச நேரத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிரான்ஸ் ஃபார்வர்ட் ஜிரூ போன்ற ஆள் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, பக்கத்தில் வருகிறவருக்குத் தட்டிவிடுவதில் கெட்டிக்காரர். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு தள்ளினால் ஃபவுல். பெப்பே பின்னால் நிற்கவே இல்லை. பந்து கிளம்பும்போதே தோளைச் சுற்றி முன்னால் வந்துவிட்டார். இது பார்க்க எளிது. அரை நொடி முன்னால் வந்தால் பந்து, அரை நொடி பிந்தினால் காஸ்கேரோ. நான் சிரிக்கவில்லை, நிஜமாகவே அவ்வளவுதான் இடைவெளி. அவர் ஆட்டத்தின் குணமே முன்னால் பாய்வது. அதனால்தான் எடுக்கும்போது அழகாக எடுப்பார், தவறும்போது கோரமாகத் தவறுவார்.

இன்னொன்றும் உண்டு. மாட்ரிட்டில் தடுப்பு வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். மார்செலோ மேலே போய்விடுவார். பின்னால் பாதி மைதானம் காலி. அங்கே தனியாக ஓடி, கடைசி ஆளாகக் காலை நீட்ட வேண்டும். இங்கே போர்ச்சுகல் பயிற்சியாளர் சான்டோஸ் மொத்த அணியையும் உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார். முன்னால் வில்லியம் கர்வாலியோ, பக்கத்தில் ஃபோன்டே. ஓட வேண்டிய தூரம் குறைந்தால், கோபம் வருகிற இடமும் குறைந்துவிடும். எனவே என் கேள்விக்கு நானே பாதி பதில் சொல்கிறேன். ஆள் மாறவில்லை, நிற்கிற இடம் மாறியது.


மணல்தேரி
11 ஜூலை 2016, மாலை 5.10

தம்பிகளா, வரிசையாக அடுக்கும்போது எல்லாக் குற்றத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறீர்கள். ஒவ்வொன்றும் வேறு ஜாதிக் குற்றம்.

2009 கெட்டாஃபே, புத்தி கெட்டுப்போன நிமிடம். ஆட்டம் 2-2, முடிய இன்னும் சில நிமிடம், லீக் பட்டம் கையைவிட்டுப் போகிறது. அதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தப் பெனால்டியை காஸ்கேரோவே எடுத்தார், செல்லமாகத் தூக்கிவிட்டார், மாட்ரிட் கோல்கீப்பர் காசியாஸ் பிடித்துவிட்டார். பிறகு ஹிகுவெய்ன் அடித்து மாட்ரிட் ஜெயித்தது. பெப்பே செய்த காரியத்தால் அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் அவர் மன்னிப்புக் கேட்டார், இனி ஆடவே மனமில்லை என்கிற அளவுக்குப் பேசினார். சீசன் முடியும் வரை வெளியே இருந்தார்.

2011 வேறு. பதினெட்டு நாளில் நாலு முறை பார்சிலோனாவும் மாட்ரிட்டும் மோதின காலம். மாட்ரிட் பயிற்சியாளராக இருந்த மொரீன்யோ இவரைத் தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து நடுவே நிறுத்தினார். சாவி, மெஸ்ஸி ஆகியோருக்கு மூச்சுவிட இடம் தராதே என்பதுதான் வேலை. ஸ்பெயினின் கோப்பா டெல் ரே கோப்பை இறுதிப்போட்டியில் அது பலித்தது, மாட்ரிட் 1-0. ஒரு வாரம் கழித்து சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் 61-ஆவது நிமிடம் ஆல்வெஸ் மேல் பாய்ந்தார், சிவப்பு அட்டை, மொரீன்யோவையும் பார்வையாளர் மாடத்துக்கு ஏற்றிவிட்டார்கள், பிறகு மெஸ்ஸி இரண்டு கோல். அந்தக் கால் ஆல்வெஸ் மேல் பட்டதா இல்லையா என்று இன்றுவரை தகராறு. பட்டதோ இல்லையோ, முதலாளி கொடுத்த அரிவாளை அவர் வீசினார். வழக்கு அவர் மேல் மட்டும் பதிவானது. உலகம் முழுக்கப் பார்த்த ஆட்டம் அதுதான் என்பதால் அவர் முகம் அப்படியே பதிந்துவிட்டது.

2012 மெஸ்ஸி கை விஷயத்தில் எனக்கு அவர் மேல் இரக்கம் இல்லை. அது கோபம்கூட இல்லை, கள்ளத்தனம்.

2014 தான் எனக்கு மிகப் பெரிய குற்றமாகப் படுகிறது, அதிலே யாருக்கும் காயம் படவில்லை என்றாலும். ஜெர்மனி 2-0 என்று முன்னால் இருக்கிறது, 37-ஆவது நிமிடம், முல்லர் கீழே உட்கார்ந்து நாடகம் போடுகிறார். இவர் திரும்பிப்போய்க் குனிந்து தலையை வைக்கிறார். பத்துப் பேரோடு மிச்ச நேரம் ஆடி 4-0. கடைசியில் போர்ச்சுகலும் அமெரிக்காவும் ஆளுக்கு நாலு புள்ளி, கோல் கணக்கில் போர்ச்சுகல் வெளியே. ஒரு நிமிட வறட்டு வீம்புக்கு ஒரு நாடு பெட்டி கட்டியது.

நேற்று ரொனால்டோ ஸ்ட்ரெச்சரில் போனபோது நான் முதலில் பார்த்தது பெப்பேவைத்தான். 2014-இன் பெப்பேயாக இருந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் ரொனால்டோவை இடித்த பயேவின் கால் போயிருக்கும். இவர் ஒன்றும் செய்யவில்லை. தலையைத் தொங்கப்போட்ட பசங்களைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டநாயகன் விருதைவிட அந்தச் 'செய்யாதது' பெரிதாகத் தெரிகிறது.


பார்சாபித்தன்
11 ஜூலை 2016, மாலை 6.45

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குப் பாராட்டு வாங்குகிறார் என்றால், அவர் எவ்வளவு தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினார் என்று யோசியுங்கள். ஃபோன்டேகூட நேற்று யாரையும் உதைக்கவில்லை. அவருக்கு ஏன் தனி இழை இல்லை?


யாழ்_கோலி
11 ஜூலை 2016, இரவு 8.30

நான் உதைபந்தாட்டத்தில் பந்துக்காப்பாளர். பின்னால் நின்று பார்க்கிறவன் ஒருவன் இங்கே பேசவேண்டும்தானே.

கோலிக்குத் தெரிந்த பெப்பே வேறு. முன்னால் நிற்கிற ஆள் வாய் ஓயாமல் கத்தவேண்டும், இடம் சொல்லவேண்டும், குறுக்கே வருகிற பந்துக்குத் தலை கொடுக்கவேண்டும். பட்ரிசியோ நேற்று நல்ல மறிப்புகள் செய்தார். ஆனால் அவருக்கு வந்த அடிகளில் பல தூரத்தில் இருந்து வந்தவை, கண்ணுக்குத் தெரிந்து வந்தவை. பக்கத்தில் வந்து அடிக்க விடவில்லை. அது சும்மா நடக்காது.

விசில் அடித்த பிறகு எல்லோரும் துள்ளிக் குதித்தபோது பெப்பே மைதானத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தார். கமரா உடனே வேறு பக்கம் போய்விட்டது. உடம்பில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் ஆடியிருக்கிறார்.

பார்சாபித்தன் அண்ணைக்கு ஒரு கேள்வி. றியல் மட்ரிட் சரித்திரத்திலேயே அதிகம் சிவப்பு அட்டை வாங்கினவர் ஆர்? பெப்பே இல்லை, பக்கத்தில் நின்ற றாமோஸ். ஆனால் றாமோஸ் என்றால் தலைவன், வீரன், லிஸ்பனில் 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் 93-ஆவது நிமிடம் தலையால் அடித்த கோல். பெப்பே என்றால் காடையன். எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. றாமோஸ் ஸ்பெயின்காரர், உலகக்கிண்ணம் வென்றவர், கோலும் அடிப்பார். பெப்பே பிரேசிலில் பிறந்து, பதினெட்டு வயதில் மடெய்ராத் தீவுக்கு வந்து, 2007-ல் போர்த்துக்கல் குடியுரிமை எடுத்தவர். பிரேசிலிலும் அவருக்காகப் பேச ஆள் இல்லை, ஸ்பெயினிலும் இல்லை. பத்திரிகை எழுதுகிறவர்கள் எல்லாம் வேறு ஊர்.


பார்சாபித்தன்
11 ஜூலை 2016, இரவு 9.05

ராமோஸையும் நாங்கள் திட்டுகிறோம், கவலை வேண்டாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ராமோஸ் வாங்குகிற அட்டையில் பெரும்பாலும் பந்து பக்கத்தில் எங்கேயாவது இருக்கும். பெப்பேவின் பெயர் கெட்ட மூன்று சம்பவத்தில் பந்து எங்கே இருந்தது? காஸ்கேரோவை உதைக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டது. மெஸ்ஸியின் கையை மிதிக்கும்போதும் பந்து அங்கே இல்லை. முல்லர் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேருமே கீழே இருந்தவர்கள். விழுந்தவனிடம் போவது எங்கள் ஊரில் ஒரு கெட்ட குணம், அதற்கு வியூகம், நிற்கிற இடம் என்றெல்லாம் விளக்கம் கிடையாது.

இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.


கடைசிக்கோடு
11 ஜூலை 2016, இரவு 11.50

இரண்டு மணி நேரம் யோசித்தேன். பதில் இல்லை.

மூன்று பேருமே கீழே இருந்தவர்கள் என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. அதை நான் மறுக்கப்போவதில்லை, சுற்றி வளைக்கவும் போவதில்லை. ரவுடி என்று சொன்னது தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில். ரவுடி என்று சொன்னதோடு அவரைப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு ஸ்டாப்பராக இருந்தும், ஒன்பது வருடம் மாட்ரிட் ஆட்டத்தைப் பார்த்தும், அவர் எப்போது கையை ஓங்குவார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு மாதம் ஓங்கவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் காலைப் பார்த்தேன்.


மட்டுறுத்துநர்
12 ஜூலை 2016, காலை 7.00

இரவில் வந்த நாலு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெப்பேவைத் திட்டலாம், ஒருவரையொருவர் திட்ட வேண்டாம். காஸ்கேரோ படத்தை இனி யாரும் ஒட்ட வேண்டாம், எட்டு முறை ஒட்டியாகிவிட்டது.


யாழ்_கோலி
10 மார்ச் 2021, காலை 5.20

பழைய இழையைத் தோண்டி எடுக்கிறேன், மன்னிக்கவும். இரவு சாம்பியன்ஸ் லீக்கில் யுவெண்டஸ் – போர்ட்டோ (பெப்பே இப்போது ஆடுகிற கழகம்) பார்த்தீர்களா?

பெப்பேக்கு 38 வயது. 54-ஆவது நிமிடத்தில் இருந்து போர்ட்டோவுக்குப் பத்துப் பேர். மேலதிக நேரம் வேறு. எதிரே றொனால்டோ, இவருடைய பழைய கூட்டாளி. குறுக்கே வந்த பந்து எல்லாவற்றுக்கும் அந்த மொட்டைத் தலைதான் முன்னால் நின்றது. ஆட்டம் 3-2 என்று தோற்றும், மொத்தம் 4-4, வெளிமைதானக் கோலால் போர்ட்டோ மேலே போய்விட்டது. றொனால்டோ முதுகைக் காட்டித் திரும்பிய அந்தச் சுவருக்குள் பந்து போனதைத்தான் எல்லோரும் இன்று எழுதுவார்கள்.


புதுவைக்காரன்
10 மார்ச் 2021, காலை 9.40

பார்த்தேன். ஐந்து வருடம் கழித்தும் எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் பார்த்தேன்.


பார்சாபித்தன்
12 பிப்ரவரி 2022, மதியம் 12.15

இப்போது இழையை மேலே கொண்டு வருவது என் முறை. நேற்று போர்ட்டோவும் ஸ்போர்ட்டிங்கும் 2-2. விசில் அடித்து முடித்த பிறகு கைகலப்பு. சிவப்பு அட்டை வாங்கியவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். வயது 39 ஆக இன்னும் இரண்டு வாரம். ஆட்டமே முடிந்துவிட்டதே ஐயா, எந்த வியூகம் இது?


கடைசிக்கோடு
12 பிப்ரவரி 2022, மதியம் 1.00

என்னைப் பார்த்தால் என்ன செய்வது. நானா வளர்த்தேன்.


மணல்தேரி
11 டிசம்பர் 2022, காலை 8.30

ஒரே வாரத்தில் இரண்டு பெப்பேவையும் காட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை சுவிட்சர்லாந்தை 6-1 என்று முடித்த ஆட்டத்தில் கார்னரிலிருந்து தலையால் ஒரு கோல், 39 வயது. உலகக்கோப்பை நாக்அவுட்டில் இவ்வளவு வயதில் யாரும் அடித்ததில்லை. நேற்று மொராக்கோவிடம் 1-0 தோல்வி. கடைசி நிமிடத்தில் இவர் தலைக்கு வந்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அதற்கப்புறம் மைக்கைப் பிடித்து, அர்ஜென்டினாக்காரரை நடுவராகப் போட்டது அநியாயம் என்றார்.

மொராக்கோ பையன்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களுடைய தடுப்பைப் பார்த்து அவர்தான் முதலில் எழுந்து நின்று கை தட்டியிருக்க வேண்டும்.


இரவுக்கழுகு
11 டிசம்பர் 2022, காலை 8.45

கெப்லர் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.


புதுவைக்காரன்
6 ஜூலை 2024, காலை 7.30

எட்டு வருடக் கடன் வசூலானது! யூரோ காலிறுதி, ஹம்பர்க்கில் 0-0, பெனால்டியில் பிரான்ஸ் 5-3, போர்ச்சுகல் வீட்டுக்கு. மாமாவுக்குப் போன் செய்தேன், முதல் மணியிலேயே எடுத்தார்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் மார்கஸ் துராம் மாற்றாக உள்ளே வந்தார், வயது 26. பந்தைத் துரத்திக்கொண்டு அவர் ஒரு ஓட்டம் ஓடினார். பக்கத்திலேயே தோளோடு தோளாக ஒரு 41 வயது ஆள். முடிந்தது என்று எழுந்து நின்றோம். பெப்பே பந்தை எடுத்துவிட்டார். ஃபவுல் இல்லை, சட்டையைப் பிடிக்கவில்லை, சுத்தமாக எடுத்தார். எங்கள் வீட்டில் நீலச்சட்டை போட்ட பதினைந்து பேரில் யாரோ கை தட்டினார்கள். அது நான்தான் என்று தங்கை சொல்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பையனுடைய அப்பா லிலியன் துராம் 2008 யூரோவில் ஆடினார். அதே யூரோவில் பெப்பேவும் ஆடினார், துருக்கிக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அப்பன், மகன் இருவர் காலத்தையும் பார்த்துவிட்டார் மனிதர்.

கடைசியில் அழுதார். ரொனால்டோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். 2016-ல் நான் அழுததற்குச் சரியாகப் போயிற்று என்று நினைத்துத்தான் பார்த்தேன், அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை.


கடைசிக்கோடு
9 ஆகஸ்ட் 2024, இரவு 10.10

ஓய்வு அறிவித்துவிட்டார். போர்ச்சுகலுக்காக 141 ஆட்டம். மூன்று சாம்பியன்ஸ் லீக், ஒரு யூரோ. யூரோவில் இதுவரை களமிறங்கியவர்களிலேயே வயதானவரும் அவர்தான்.

எனக்கு முழங்கால் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இந்த இழையைத் தொடங்கியபோது என் மகனுக்கு நாலு வயது. இப்போது பள்ளி அணியில் ஸ்டாப்பர். போன வாரம் விழுந்து கிடந்த ஒரு பையனிடம் போய் முறைத்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்ததும் பார்சாபித்தன் 2016-ல் எழுதிய பதிவை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். துராம் ஓட்டத்தையும் போட்டுக் காட்டினேன்.


பார்சாபித்தன்
9 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

பையனுக்கு என் வாழ்த்து. பதிவை முழுவதும் படித்தானா?

சரி, இத்தனை வருடம் கழித்து நான் ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். யுவெண்டஸ் ஆட்டம், துராம் ஓட்டம், யூரோ, எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தடுப்பாட்டக்காரர்தான். எங்களிடம் ஆடியிருந்தால் சிலை வைத்திருப்போம். ஆல்வெஸ் விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.


மணல்தேரி
9 ஆகஸ்ட் 2024, இரவு 11.05

ஆல்வெஸ் மேல் கால் படவே இல்லை தம்பி. நேற்றுகூட மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.


பார்சாபித்தன்
9 ஆகஸ்ட் 2024, இரவு 11.06

பட்டது.